லேபிள் குழந்தையின் கன்னம்

சிவகாசியில் நான் ப்ரூஃப் பார்க்கும் அச்சகத்துக்கு இன்று ஒரு வெடி லேபிள் வந்தது.

கொளுத்தியதும் விலகிப் போகச் சொல்லும் 'ரிட்டயர்' இருக்க வேண்டிய இடத்தில் 'ரிட்டர்ன் இமீடியட்லி' என்று இருந்தது. உடனே திரும்பி வா என்று அர்த்தம். சொன்னதை அப்படியே செய்கிறவள் என் மகள். இதைப் படித்தால் எரிகிற திரியிடமே திரும்பிப் போவாள்.

முதலாளி அண்ணாச்சியிடம் மாற்றச் சொன்னேன்.

"போன சீசன்லயும் இதான் போச்சு. வெடிக் கம்பெனி பார்ட்டி பாஸ் பண்ணிட்டாகம்மா. இனி ப்ளேட்டு மாத்த முடியாது."

அதே லேபிளில் சிரிக்கும் குழந்தையின் கன்னம் சிவப்பாக இல்லை என்று பார்ட்டி சொன்னதும், இரண்டு முறை அச்சு ப்ளேட் மாற்றியவர் இவர்.

அதைக் கேட்டேன்.

"கன்னத்தப் பாத்துத்தானே வாங்குதாக. எழுத்த யாரு படிக்கா?"

கிளம்பும்போது கூப்பிட்டார். "உங்க பாப்பா போட்டோ ஒண்ணு குடுங்கம்மா. அடுத்த லேபிள்ல போட்டுருவோம்."

"அந்த வார்த்தைய மாத்துங்க அண்ணாச்சி, தாரேன்."

வேறு பிள்ளை போட்டோ பார்த்துக்கொள்கிறாராம்.

உங்கள் வீட்டு வெடிப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது? கன்னத்தை விட்டுவிட்டு, எழுத்தைப் படித்துச் சொல்லுங்கள்.