பனிப்புயலில் என் மகனைச் சேர்த்துக்கொண்ட சபை

அன்பானவர்களே, சாவின் வாசல்வரை போன என் மகனைத் திருப்பித் தந்த ஆண்டவரைத் துதிக்கிறேன். என் பெயர் எஸ்தர். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறேன். கணவர் இல்லை. ஒரே மகன் டேனியல். கனடாவில், எந்தப் பக்கம் பார்த்தாலும் கோதுமை வயலாக இருக்கும் சஸ்காட்செவன் மாநிலத்தில் வெல்டராக இருக்கிறான்.

போன ஜனவரியில் ஒரு காலை, இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அங்கே அப்போதுதான் பொழுது சாய்ந்திருந்தது.

“அம்மா, வண்டி பள்ளத்துல எறங்கிடுச்சு. ஒரே பனிக்காத்து, ஒண்ணுமே தெரில. ஹீட்டரும் நின்னுடுச்சு. பிரேயர் பண்ணும்மா.”

அதோடு லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். போகவில்லை.

அந்தக் குளிரில் வெளியே மாட்டினால் பிழைப்பது கஷ்டம் என்று அவனே சொல்லியிருக்கிறான். அரிசி மூட்டைகளுக்கு நடுவே முழங்காலில் விழுந்தேன். “ஐயா, அவங்கிட்ட யாரையாவது அனுப்பும்” என்று மட்டும் அழுதேன்.

என்னோடு சமைக்கும் செல்வி அக்கா ஓடி வந்தார். பழவேற்காட்டு மீனவக் குடும்பம் அவர்.

“இன்னா எஸ்தரு, இன்னா ஆச்சு?”

சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “எங்கூட்டு ஆளு கடல்ல காத்துல மாட்டிக்கினப்போ நானும் இப்டித்தான் குந்திக்கினு இருந்தேன். நீ வேண்டிக்கினே இரு. நான் கூட இருக்கேன்.”

மதியம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

“அம்மா, நல்லா இருக்கேன். சர்ச்சுல இருக்கேன். இப்பத்தான் சிக்னல் கெடச்சுது.”

நான் ஓவென்று அழுதேன். செல்வி அக்காவும் அழுதார்.

அந்தச் சாலையில் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபை ஒன்று இருக்கிறது. சபையை நடத்துவதா, மூடிவிடுவதா என்று பேச அன்று சாயங்காலம் கூடியிருக்கிறார்கள். மற்றபடி ஞாயிறு தவிர மற்ற நாட்களில் கட்டடம் பூட்டித்தான் கிடக்குமாம். கூட்டம் முடிந்து கிளம்பிய ஒரு வயதான தம்பதி, பள்ளத்தில் மினுக்கிய வண்டி விளக்கைப் பார்த்து நிறுத்தினார்கள். புயலில் வீட்டுக்குப் போக முடியாமல், அவனையும் ஏற்றிக்கொண்டு சபைக்கே திரும்பினார்கள். மறுநாள் சாலை திறக்கும்வரை சூடான சூப்பும் கம்பளியும் கொடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மா தங்கள் சபையின் கதையை அவனுக்குச் சொன்னாராம். ஆயுதம் தொடமாட்டோம் என்ற விசுவாசத்துக்காக ரஷ்யாவை விட்டு வந்த ஜெர்மன் மொழிக்காரர்கள் அவர்களுடைய முன்னோர். முதல் குளிர்காலத்தை மண்ணைத் தோண்டிக் கூரை போட்ட குழிவீட்டில் கழித்தார்கள். அங்கிருந்த பூர்வகுடிகள் கொடுத்த உணவில் உயிர் பிழைத்தார்கள். அந்தக் குழிவீட்டு ஜெபம்தான் பின்னாளில் சபையானது. ஜெர்மன் பாட்டு போய் ஆங்கிலப் பாட்டு வந்தது. பிள்ளைகள் நகரங்களுக்குப் போனார்கள். மிஞ்சியது முதியவர்கள் மட்டும்.

“‘எங்கள எதுக்கு இன்னும் வெச்சிருக்கீருன்னு ஆண்டவர கேட்டுக்கினே இருந்தோம், நீ வந்துட்ட’ன்னு சொன்னாங்கமா” என்றான் டேனியல்.

சபையை அவர்கள் மூடவில்லை. இப்போது டேனியலும் அவனோடு வேலை செய்கிறவர்களும் அங்கே போகிறார்கள். கூட்டம் இன்னமும் சின்னதுதான்.

நானும் மாறினேன். இந்த மழையில் நம் தெருக்களில் தண்ணீர் ஏறியபோது, பாஸ்டரிடம் பேசி நம் ஹாலைத் திறக்க வைத்தேன். ஒடிசா, பீகார் தொழிலாளிகள் வந்து தங்கினார்கள். செல்வி அக்காவும் நானும் சோறாக்கிப் போட்டோம். ஒவ்வொருவனுக்கும் எங்கோ ஒரு அம்மா இருப்பாள் அல்லவா?

பிள்ளையைத் தூரத்தில் அனுப்பிவிட்டுக் கலங்குகிறவர்களே, நம் கை போகாத இடத்துக்கும் ஆண்டவர் கை போகும். நம்பிக் கேளுங்கள். உங்கள் வாசலில் யாராவது வந்து நின்றால் உள்ளே கூப்பிடுங்கள். அவனுக்காகவும் ஒருத்தி முழங்காலில் இருப்பாள்.