இஸ்திரி அக்காவிடம் சொல்லாதது

துணி வெளுக்கும் கூடத்தில் அவளுக்கு மடிப்புப் பொண்ணு என்று பெயர். ஊரில் இருக்கிற ஓட்டல்களின் கட்டில் விரிப்பெல்லாம் அங்கேதான் வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை ஒரு பக்கம் சூடான உருளைக்குள் கொடுப்பார்கள். மறுபக்கம் அது அப்பளம் போல விறைத்துக்கொண்டு வெளியே வரும். அதை வாங்கி மடிப்பது அவள் வேலை. ஓரத்தோடு ஓரம் ஒட்டி, ஒரு நூல் பிசகாமல் மடிப்பாள். அதனால் வந்த பெயர்.

புருஷன் லிப்ட் மெக்கானிக். "மேலயும் கீழயுமா போயே என் காலம் ஓடுது, முன்னால ஒரு அடி நகரல" என்று சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். கல்யாணம் ஆன கையோடு இரண்டு பேரும் கடல் தாண்டி வந்தவர்கள்.

விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. எதிரே ஒருத்தி வேண்டும். இவள் இரண்டு முனையைப் பிடிக்க, அவள் இரண்டு முனையைப் பிடிக்க, இழுத்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, கையோடு கை சேர வேண்டும். மறுபடி பின்னால் போக வேண்டும், மறுபடி வர வேண்டும். உருளைச் சத்தத்தில் தூரத்தில் நின்று பேசினால் காதில் விழாது. கை சேரும் நேரத்தில் ஒரு வார்த்தை, அடுத்த விரிப்பில் அடுத்த வார்த்தை. இப்படித் துண்டு துண்டாகவே ஒரு நாள் முழுக்கப் பேசுவார்கள்.

அவளுக்கு எதிரே நின்றவள் இஸ்திரி அக்கா. முன்னே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், முழங்கால் தேய்ந்த பிறகு மடிப்புக்கு மாறினாள். பெயர் மட்டும் மாறவில்லை. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். பிள்ளை இல்லை. அதே நாட்டில் வேறொரு ஊரில் அண்ணன் ஒருத்தர் சின்னதாகச் சலவைக் கடை வைத்திருந்தார். அவ்வளவுதான் அவளுக்குச் சொந்தம்.

அக்காவின் வாடகை வீட்டில்தான் இவர்கள் பாதி வாடகைக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. வந்த புதிதில் இவளுக்கு அந்த ஊர் அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தெரியாது. எல்லாம் அக்கா சொல்லிக் கொடுத்தது. பாத்திரம் மூன்று பேருக்கும் பொது. சண்டைகூடப் பொதுதான். புருஷன் பெண்டாட்டி பேசாமல் இருந்தால் அக்கா நடுவில் நின்று, "தம்பி, உப்பு வேணுமான்னு உங்க வீட்டம்மா கேக்கறா" என்பாள். கேட்டே இருக்க மாட்டாள் இவள். அதிலேயே இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள்.

விடியும் முன்னே எழுந்து, சமையல்கட்டு அலமாரி மேல் வைத்திருந்த சாமி படத்துக்கு அக்கா விளக்கேற்றுவாள். வாய்விட்டுத்தான் வேண்டுவாள். "இந்தப் புள்ளைங்களுக்கு வேலையில ஒரு குறையும் வரக் கூடாதுப்பா. அந்தத் தம்பி லிப்டு குழிக்குள்ள இறங்கறாரு, பத்திரமா மேல ஏத்தி விடு." படுக்கையில் கிடந்தபடி இவள் அதைக் கேட்பாள். கேட்ட பிறகு வருகிற அரைத் தூக்கம் இருக்கிறதே, அது தாய் வீட்டுத் தூக்கம்.

இப்படி இருக்கையில் அவன் வேறொரு நாட்டுக்கு விண்ணப்பம் போட்டான். அங்கே போனால் ஒரேயடியாகத் தங்கிவிடலாம், பிள்ளை பெற்றால் படிக்க வைக்கலாம் என்று வேலையிடத்தில் யாரோ சொன்னார்கள். தப்பில்லை. நாலு பேர் போகிற வழிதான். அவன் அம்மாவுக்குப் போனில் சொன்னபோது அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

"பாஸ்போர்ட்டுல முத்திரை விழற வரைக்கும் மூச்சு விடாதீங்க. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது. அதுலயும் கூட இருக்கே அந்தத் தனிக்கட்டை, அது காதுக்குப் போகவே கூடாது. வாழாதவ பெருமூச்சு விட்டா போதும், பச்சை மரம் பட்டுப் போயிடும்."

"அக்கா அப்படிப்பட்டவங்க இல்ல, அத்தை" என்றாள் இவள்.

"நான் அவளைக் குத்தம் சொல்லலம்மா. கண்ணு அவ பேச்சைக் கேக்குமா?"

அவனும் அம்மா பக்கமே பேசினான். "வந்ததும் முதல்ல அக்காவுக்குத்தான் சொல்லப் போறோம். கொஞ்ச நாள் பொறுத்தா என்ன?"

கொஞ்ச நாள் என்பது அரசாங்கக் கணக்கில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை ஆரம்பமானது. மொழிப் பரீட்சை எழுதப் போனவன் கூடுதல் வேலை என்றான். காகிதமெல்லாம் இவள் புடவைக்கு அடியில் போனது. உடம்புச் சோதனைக்கு ஆஸ்பத்திரி போன அன்று, கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சைப் பார்த்துவிட்டு அக்கா பதறினாள். காய்ச்சல் என்று இவள் சொல்லி வைத்தாள். அன்று அக்கா வேலைக்குப் போய் வந்த களைப்போடு கஞ்சி காய்ச்சி, ஆற்றி, பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தாள். இல்லாத காய்ச்சலுக்குக் குடித்த அந்தக் கஞ்சி இவளுக்கு நெஞ்சோடு நின்றது.

அதைவிடப் பெரியது பிறகுதான் வந்தது.

அண்ணன் கடை பெரிதானது. மாடியில் ஒரு அறை, கல்லாவில் உட்காருகிற வேலை, இரண்டும் தருகிறேன், வந்துவிடு என்று அக்காவைக் கூப்பிட்டார். உட்காருகிற வேலை! தேய்ந்த முழங்காலுக்குச் சாமி கொடுத்த வரம். அக்கா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், விரிப்பைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவள், கை சேர்ந்தபோது கேட்டாள்.

"பாப்பா, நீங்க இங்கயேதான இருப்பீங்க?"

இவள் பின்னால் போனாள். விரிப்பு நடுவில் விறைத்து நின்றது. மறுபடி வந்தாள்.

"எதுக்குக்கா கேக்கறீங்க?"

"அண்ணன் கூப்பிடறாரு. போனா அண்ணிக்கு அடங்கி இருக்கணும். அது பெருசில்ல. உங்களைத் தனியா விட்டுட்டுப் போகத்தான் மனசு வரல. நாளைக்கே நீ மாசமானா யாரு பாப்பாங்க? நீங்க வேற எங்கயும் போற மாதிரின்னா சொல்லு, நான் அண்ணன்கிட்டப் போயிடறேன்."

சாமி ஒருவருக்கு உண்மை பேச ஒரு வாசலைத் திறந்துவிட்டால், அதைவிட அகலமாக அவரால் எப்படித் திறக்க முடியும்? இவள் வாய் வரைக்கும் வந்தது. அத்தையின் குரல் காதுக்குள் கேட்டது. புருஷன் குழிக்குள் இறங்குகிறவன். ஏதாவது ஆகிவிட்டால்?

"நாங்க எங்கக்கா போகப் போறோம்?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தும் வைத்தாள்.

அக்காவின் முகம் மலர்ந்துபோனது. அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். "எனக்கு இங்கயே ரெண்டு பிள்ளைங்க இருக்குதுண்ணே" என்று அவள் சொன்னது சமையல்கட்டிலிருந்து இவர்கள் அறைக்குத் தெளிவாகக் கேட்டது. புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

இரண்டு மாசம் போனது. முத்திரை விழுந்தது.

மறுநாள் காலையில் உருளை முன்னால் நின்று இவள் சொன்னாள். அக்கா விரிப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அடிப் பாவி! நிசமாவா? எப்பப் பயணம்?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேற்பார்வைக்காரர் அந்தப் பக்கமிருந்து கத்தினார். அக்கா சிரித்துக்கொண்டே வேறு விரிப்பை எடுத்தாள். இரண்டு விரிப்பு மடித்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"எப்பப் போட்டீங்க இதுக்கு?"

"போன வருஷம்க்கா."

விரிப்பு இழுபட்டது. அக்கா வரவில்லை. அங்கேயே நின்றாள். இவளும் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் வெள்ளை வெளேரென்று அந்தத் துணி. பிறகு அக்கா மெதுவாக நடந்து வந்து முனைகளை இவள் கையில் வைத்தாள்.

"அப்ப, நான் கேட்டப்ப உனக்குத் தெரியும்."

இவள் தலையைக் குனிந்தாள்.

"என் கண்ணு பட்டுடும்னு யாரு சொன்னது? தம்பியா, அவங்கம்மாவா?"

இவள் மடிப்பின் ஓரத்தையே நீவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா நானும் வேண்டியிருப்பேனே, பாப்பா. தினமும் விளக்கேத்தறேன். இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க மாட்டேனா?" என்றாள் அக்கா. அடுத்த விரிப்பை எடுத்து, "சரி விடு. ஷீட்டைப் பிடி" என்றாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. வழக்கம் போலச் சமைத்தாள், வழக்கம் போல மூன்று தட்டு வைத்தாள். ஒன்று மட்டும் மாறியது. விடியற்காலையில் விளக்கேற்றினாள், ஆனால் வாய்க்குள்ளேயே வேண்டினாள். இவள் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாள். தீக்குச்சி உரசுகிற சத்தம் வரும். பிறகு ஒன்றும் வராது. அந்த வேண்டுதலில் நாம் இருக்கிறோமா இல்லையா என்று தெரியாமல் தினமும் எழுந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இவளுக்குத்தான் தெரியும்.

அக்காவுக்குத் தெரியாமல் அண்ணனுக்குப் போன் பண்ணி, நடந்ததைச் சொல்லி, அந்த அறையும் வேலையும் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர்தான்.

"அறையையும் வேலையையும் மச்சானுக்குக் கொடுத்துட்டேன்மா. குடும்பத்தோட வந்து இறங்கிட்டாரு. இப்ப எப்படி எழுந்திருன்னு சொல்றது? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா நீ."

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அவர் கேட்டது.

தனியாக அந்த வாடகை அக்காவுக்குக் கட்டுப்படியாகாது. சலவைக் கூடத்துக்காரர்களின் பெண்கள் விடுதியில் இடம் கேட்டாள். கிடைத்தது, இரண்டு அடுக்குக் கட்டிலில் மேல் கட்டில். ஏணி பிடித்து ஏற வேண்டும்.

சாமான்களை விற்கும்போது புருஷன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "அக்கா, பிரிட்ஜை நீங்களே வச்சுக்கோங்க."

"எங்க வைப்பேன் தம்பி, தலைமாட்டுலயா? மேல் கட்டிலுக்கு அதை ஏத்தணும்னா உங்க லிப்டைத்தான் கொண்டு வரணும்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அறைக்குள் வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்து, "நாம தள்ளிப் போட முடியுமா?" என்று கேட்டான். முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். வேலையில் சேரும் தேதி எழுதி வந்துவிட்டது. "அம்மா பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது" என்றான். "அம்மா மேல பழியைப் போடாதீங்க. வாய் என்னுது" என்றாள் இவள்.

கிளம்புகிற நாள் வந்தது. வீடு காலி. பேசினால் எதிரொலித்தது. அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. பெட்டிகளை இவர்கள் வாசலுக்கு நகர்த்தும்போது, கை நிறையக் கல் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துக்கொண்டு சமையல்கட்டிலிருந்து வந்தாள்.

"ரெண்டு பேரும் கிழக்கே பார்த்து உட்காருங்க."

"கிளம்பற நேரத்துல எதுக்குக்கா?" என்றான் அவன்.

"புதுத் தேசத்துக்குப் போறீங்க. யாரு கண்ணு இருந்தாலும் இங்கயே கழியட்டும். என் கண்ணு உள்பட."

இவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. வெறும் தரையில் உட்கார்ந்தார்கள். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சுற்றினாள். "ஊருக் கண்ணு, உறவுக் கண்ணு, தெருவுல போன கண்ணு, கூடவே குடியிருந்த கண்ணு, எல்லாக் கண்ணும் போ." அந்தக் 'கூடவே குடியிருந்த' என்கிற இடத்தில் அவள் குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. தடுமாறியது இவள்தான்.

கண் பட்டிருந்தால், சுற்றிய மிளகாயை நெருப்பில் போட்டாலும் நெடி வராது என்பார்கள். கண் இல்லையென்றால் நெடி தூக்கும். அக்கா அடுப்பில் காய்ந்த சட்டியில் எல்லாவற்றையும் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது.

அப்புறம் வந்ததே ஒரு நெடி! தொண்டையைப் பிடித்து, மூக்கைப் பிடித்து, மூன்று பேரையும் இருமல் உலுக்கி எடுத்துவிட்டது. கூரையில் இருந்த புகை மணி ஊரைக் கூட்டுகிற மாதிரி அலற ஆரம்பித்தது. அவன் பெட்டி மேல் ஏறி நின்று துண்டால் விசிறினான். கீழ் வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். கண்ணீரும் மூக்கு நீருமாக அக்கா இவள் காதோரம் வந்து கத்தினாள்.

"பாத்தியா நெடியை? ஒரு கண்ணும் இல்ல! சும்மா பயந்துட்டீங்க!"

இவள் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என்னை மன்னிச்சிடுங்கக்கா என்று சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். மணி அலறலில் அது அக்காவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அக்கா இருமிக்கொண்டே தலையை ஆட்டினாள். அது கேட்டதற்கு ஆட்டியதா, நெடிக்கு ஆட்டியதா? மணி ஓய்ந்தபோது கீழே டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். நிசப்தத்தில் இன்னொரு தரம் சொல்ல இவளுக்குத் தைரியம் வரவில்லை.

புது நாட்டில் இவள் விடியும் முன்னே எழுந்து தானே விளக்கேற்றுகிறாள். வாய்விட்டு வேண்டுகிறாள். வாரம் தவறாமல் அக்காவுக்குப் போன் பண்ணுகிறாள். எதையும் முளைக்கும் முன்னே சொல்லிவிடுகிறாள்.

"ஒரு தையல் கடையில வேலை கேட்டிருக்கேன்க்கா. இன்னும் பதில் வரல."

"வந்த பிறகு சொல்லேன்டி. கண்ணு பட்டுடப் போகுது" என்பாள் அக்கா. சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அது வெறும் கேலிதான் என்று நம்ப இவளுக்கு ஆசை.

ஒவ்வொரு தரமும் போனை வைக்கும் முன் இவள் கேட்பது ஒன்றேதான்.

"கீழ்க் கட்டில் கிடைச்சுதாக்கா?"

"கிடைக்கும், கிடைக்கும். கேட்டு வச்சிருக்கேன்."

அதற்கு மேல் அக்கா பேச மாட்டாள். விடுதியில் விளக்கு அணைக்கிற நேரம் ஆகிவிட்டது என்பாள். பிறகு போனிலேயே ஏணி கிறீச்சிடும். ஒரு படி, ஒரு மூச்சு. இன்னொரு படி, இன்னொரு மூச்சு. அக்கா மேலே போய்ச் சேருகிற வரைக்கும் இவள் போனைக் காதிலிருந்து எடுப்பதில்லை.