எழும்பிய டைலும் மாப்பிள்ளை வீட்டாரும்

கம்பளத்தை ஹாலின் அழகுக்காக வாங்குவதாக எல்லோரும் சொல்வார்கள். பாதிப் பேர் எதையாவது மறைக்கத்தான் வாங்குகிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் கம்பளக் கடை வைத்திருக்கும் எனக்கு இது புரிவதற்குள், கம்பளம் பற்றிக் கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்து விதிகளை மனப்பாடம் செய்துவிட்டேன். வாடிக்கையாளரிடம் விதி பேசி வாங்கிக் கட்டிக்கொண்ட கடைக்காரர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

அளவு கேட்டது என் தப்பு

பூச்சோங்கிலிருந்து பரமேஸ்வரி அக்கா வந்தார். ஹாலின் நீள அகலம் என்ன, சோபா எத்தனை பேர் உட்காருவது என்று வழக்கம்போலக் கேட்டேன். சோபாவின் முன்கால்கள் கம்பளத்தின் மேல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது நடுக்கடல் தோணி மாதிரி இருக்கும் என்றும் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஹாலின் நடுவே இரண்டு டைல்கள் முட்டிக்கொண்டு கூடாரம்போல எழும்பியிருந்தன. அதே நிறத்தில் டைல் இப்போது கிடைக்காதாம். தரை முழுவதையும் உடைக்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் தர்ஷினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவளுக்கும் பையனுக்கும் ஏற்கெனவே மனம் ஒத்துப்போய்விட்டது. பையனின் அப்பா சம்மதிப்பதுதான் பாக்கி. அவரோ கட்டட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மறுபடியும் சோபா பேச்சுக்கே திரும்பப் பார்த்தேன்.

"சோபா கால் எங்க வேணா நிக்கட்டும் லா தம்பி, எனக்கு இந்த டைல் மறையணும்."

நிறம் சரியில்லை

அன்று மாலையே கிள்ளானுக்குப் போனேன். வாங்கிய கம்பளத்தின் நிறம் கடையில் பார்த்த மாதிரி இல்லை என்று ஒருவர் குறைபட்டிருந்தார். போய்ப் பார்த்தால், பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே விரித்து, அதற்கு மேல் ஒரு பாயையும் போட்டிருந்தார். வீட்டார் அத்தனை பேரும் அதைச் சுற்றிச் சுவரோரமாக நடந்தார்கள். எப்போதுதான் பிரிப்பீர்கள் என்று கேட்டேன்.

"தீபாவளிக்கு எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு ஓப்பன் ஹவுஸ் வைப்போம்ல பாஸ், அன்னிக்கு மட்டும்."

சோபா போன இடம்

சனிக்கிழமை பூச்சோங்கில் கம்பளத்தை இறக்கினேன். கிள்ளான் கதையைச் சொல்லி, நம் ஆட்கள் புதுக் கம்பளத்தை மிதிக்கவே மாட்டார்கள் என்று அக்காவுக்குத் தைரியம் கொடுத்தேன். டைல்களைத் தட்டி அமுக்கினோம். படுத்தன, ஆனால் ஒரு மூலையைத் தொட்டால் மறு மூலை எழுந்தது.

விதிப்படி சோபாவோடு சேர்த்து விரித்தால் டைல் வெளியே தெரிந்தது. டைலை மறைத்து விரித்தால் சோபா எட்டவில்லை. கம்பளத்தை நகர்த்த முடியாதபோது சோபாவைத்தானே நகர்த்த வேண்டும்? நகர்த்தினோம். பிறகு அதற்கு ஈடாக டிவியை நகர்த்தினோம். காப்பி மேசை சமையலறைக்குப் போனது. சோபா வாசலில் பாதியை அடைத்துக்கொண்டு, முன்கால்கள் இரண்டும் கம்பளத்தின் மேல் ஊன்ற, புத்தகத்தில் உள்ளபடியே நின்றது. வேலை முடிந்து வந்த தர்ஷினி பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே நுழைய முடிந்தது.

"அம்மா, அவங்க என்னைத்தான் பாக்க வராங்க, ஃப்ளோரை இல்ல."

தட்டு வைத்த இடம்

கம்பளம் வழுக்குகிறது என்று அக்கா அழைத்ததால், அடியில் போடும் ரப்பர் வலையோடு ஞாயிறு காலை போனேன். போட்டு முடிப்பதற்கும் மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கும் சரியாக இருந்தது. அக்கா கண் இமைக்காமல் என்னைத் தன் ஒன்றுவிட்ட தம்பி ஆக்கிவிட்டார்.

வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பளத்தில் கால் படாமல் ஒருவர் பின் ஒருவராக ஓரமாகவே நடந்து வந்து உட்கார்ந்தார்கள். அக்கா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நானும் என் ஞானத்தை மெச்சிக்கொண்டேன். மேசையைச் சமையலறைக்கு அனுப்பியவன் நான்தான் என்பது அப்போது நினைவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலை, பூ, பழம் வைத்த தட்டோடு எழுந்தார். வைக்க மேசை இல்லை. கம்பளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, நல்ல காரியம் என்று நட்ட நடுவில் வைத்தார். தட்டு சாய்ந்தது. ஓர் ஆரஞ்சு உருண்டு என் காலடிக்கு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா குனிந்து, உள்ளங்கையால் கம்பளத்தை அழுத்தினார். டக் என்றது. கையை எடுத்தார். மறுபடியும் டக் என்றது. தர்ஷினி பையனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா தன் மனைவியை ஒரு தரம் பார்த்தார். சொல்லாதீர்கள் என்பதுபோல் அந்த அம்மாள் முறைத்தார். அவர் சொல்லிவிட்டார்.

"எங்க வீட்டுல இது டைனிங் டேபிளுக்கு அடியில இருக்கு. தட்டை இந்தப் பக்கம் தள்ளி வச்சு மாத்திக்குவோம், சம்பந்தி."

மறு வாரம் மாப்பிள்ளையின் அம்மா தனியாகக் கடைக்கு வந்து ஒரு டைனிங் டேபிளின் அளவைச் சொன்னார். ஒரு கல்யாணம் கூடிவந்தால் இரண்டு கம்பளம் விற்கும் என்பதை நான் படித்த புத்தகங்களில் ஒருவர்கூட எழுதி வைக்கவில்லை.