கூப்பிட ஆள் வரும்

அந்தக் கிராமசபைக்கு வந்திருந்தவர்கள்: பஞ்சாயத்துத் தலைவர், கிளார்க், யூனியன் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி, எங்கள் ஊர்ப் புன்செய்க் காட்டை வாங்கி வீட்டுமனை போட்டவர்கள், அவர்கள் திரட்டி வந்த உள்ளூர் ஆட்கள், நான். வராதவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் அத்தனை பேரும். அவர்களுக்காக வாடகைக்கு எடுத்துப் போட்ட நீல நாற்காலிகள் வெயிலில் காலியாகக் கிடந்தன.

ஊரை மாநகராட்சியோடு சேர்க்கலாமா என்பதுதான் அன்றைய பேச்சு. நூறு நாள் வேலை கிராமங்களுக்கு மட்டும் உள்ளது; சேர்ந்தால் அது நின்றுபோகும். சித்தப்பா போனபின் சித்தி அந்தக் கூலியில்தான் பிள்ளைகளை வளர்த்தாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான் என்பதால் எல்லாவற்றையும் என்னிடம் கேட்பாள். கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படி செய்வாள். நேரில் வந்து வேண்டாமென்று சொல்லுங்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

“நாமளா எதுக்குலே போவணும்? வரலைன்னா வருத்தம்னு தலைவனுக்குத் தெரியாதா? கூப்பிட ஆள் வரும். அப்பப் பேசிக்கிடுவோம்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் கோயில் கூட்டத்துக்கு ஒரு வீட்டார் வரவில்லை என்றால் மனத்தாங்கல் என்று அர்த்தம். பெரியவர்கள் வாசலுக்குப் போய் அழைத்து வரும்வரை கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறிக்க மாட்டார்கள். ஆண் இல்லாத வீட்டுக்கும் முழுக் கொடை வரியா என்று சித்தி ஒருமுறை அப்படி வீட்டிலேயே இருந்துகொண்டாள். தேடி வந்தவர்கள் பாதி வரிக்கு ஒத்துக்கொண்டுதான் திரும்பினார்கள்.

நான் எழுந்து, பெண்களைக் கூப்பிட ஆள் அனுப்பலாமா என்று கேட்டேன். தலைவர் தரையைப் பார்த்தார். அதிகாரி அமைதியான மனிதர். “நோட்டீஸ் ஒட்டியாச்சு தம்பி, மைக்குலயும் சொல்லியாச்சு. வந்தவங்கதான் சபை” என்றார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று கிளார்க் வாசித்தார். எனக்கு உண்டு என்ற என் ஒருவன் குரல் கைதட்டலில் அமுங்கிப்போனது.

சித்தி வீட்டு வாசலில் பெண்கள் எல்லாம் தலைசீவி, நல்ல சேலை உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருத்தி, “ஏளா, எந்திரிங்க, கூப்பிட வந்தாச்சு” என்றாள். சித்தி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஊர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அவர்கள் போய்ப் பேசியிருந்தால் அது நின்றிருக்குமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் வேலை முடிந்து வரும் வழியில் எத்தனையோ முறை யோசித்து, அலுத்து விட்டுவிட்டேன். நூறு நாள் வேலை போனபின் மிச்சம் உப்பள வேலைதான்; அங்கே ஆள் ஏற்றும் வேன்காரன் சித்தியின் வயதைப் பார்த்து ஏற்றுவதில்லை.

போன வாரம் அவளை அந்தப் பழைய பஞ்சாயத்து ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். இப்போது அது வார்டு ஆபீஸ். ஏதாவது வேலை உண்டா என்று கேட்டாள். இங்கே அதெல்லாம் இல்லையம்மா என்றாள் அங்கிருந்த பெண். ஓரமாகக் கிடந்த நீல நாற்காலியில் சித்தி மெல்ல உட்கார்ந்தாள்.

“கூப்பிடாமலே வந்துட்டேம்ல” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவளுக்குப் போனது, வருஷத்துக்கு நூறு நாள் கூலி.