பிறை காட்டிய பச்சை லேசர்

ஹெலிகொப்டர் என்னைப் பிடிக்கத்தான் திரும்பி வருகிறது என்று நம்பினேன். சிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னும் சிரித்து முடியவில்லை.

போன கிழமை நோன்புப் பிறை பார்க்கும் நாள். எங்கள் கல்முனையில் கடல் கிழக்கே, பிறை மேற்கே. ஆகவே அன்று மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரே மொட்டை மாடிகளில் நிற்கும். பிறையைக் கண்டவர் காணாதவருக்குக் காட்டுவதற்குள் விரல் தேய்ந்துவிடும்.

“எங்க கா? எனக்கு ஒண்டும் விளங்கல்ல,” என்றார் பக்கத்து மாடி காதர் காக்கா.

“அந்தா, டவருக்கு வலப்பக்கம்.”

“எந்த டவர் கா?”

இதற்கென்றே இந்த வருடம் ஒரு பச்சை லேசர் வாங்கியிருந்தேன். நீட்டி அழுத்தினேன். பிறை வரை ஒரு பச்சைக் கோடு! மாடிகளிலிருந்து “மாஷா அல்லாஹ்” என்று கேட்டது. பிறைக்கா, லேசருக்கா? எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். பெருமையில் விரலை எடுக்கவில்லை.

அதே மேற்கிலிருந்து ஒரு ஹெலிகொப்டர் தாழ்ந்து வந்தது. கோடு அதன் மூக்கில் பட்டது. சட்டென்று மேலெழுந்து விலகியது... பிறகு எங்கள் தலைக்கு மேல் வட்டமடித்தது.

லேசரைத் தண்ணீர்த் தாங்கிக்குள் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தேன்.

“என்ன செய்யிறீங்க?” என்றாள் மனைவி.

“என்னப் பிடிக்க வாறாங்க. மேல இருந்து பாக்கிறாங்க.”

“படுத்துக் கிடந்தா மேல இருந்து இன்னும் வடிவா விளங்கும். கருவாடு மாதிரிக் கிடக்காம ஒழும்புங்க.”

மறுநாள் அவள் தம்பி வந்தான். அம்புலன்ஸ் ஓட்டுபவன்.

“வெள்ளத்தில ரோட்டு அறுந்த ஊருல இருந்து ஒரு புள்ளத்தாச்சிய நேத்து ஹெலில கொண்டு வந்தாங்க மச்சான். நாங்க மைதானத்தில காத்துக்கொண்டு நிக்கிறம். இறங்க வந்த ஹெலி திரும்பிட்டு. ஆரோ லேசர் அடிச்சிருக்கான்.”

“ஆரெண்டு தெரியுமா?” என்றேன், மிகக் கவனமாக.

“எனக்குத் தெரியா. லாத்தாவுக்குத் தெரியும்,” என்று தன் அக்காவைப் பார்த்தான்.

மனைவி தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

லேசர் கோடு நூல் மாதிரி, எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பொட்டுத்தான் விழும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம், அவள் தம்பி சொன்னான். தூரம் போகப் போக விரிகிறதாம். விமானத்தின் கண்ணாடியில் பட்டால் முழுக் கண்ணாடியும் பச்சை. தரையும் தெரியாது, முன்னாலிருக்கும் மீட்டரும் தெரியாது. அதுவும் இறங்குகிற நேரத்தில்! எதிரே வருபவன் ஹைபீம் அடித்தால் நாங்கள் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிக் கண்ணைக் கசக்குவோம். வானத்தில் ஏது ஓரம்?

அந்த பைலட் என்னைத் தேடவே இல்லை. அவருக்குக் கண் தெரியவில்லை. வலியில் துடிக்கும் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, பார்வை திரும்பும் வரை வட்டமடித்தார். பிறகு இறக்கினார். அம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் பிள்ளை பிறந்தது.