பிஜியிலிருந்து வந்த அத்தையோடு மூணாறு வரை

1976 ஜனவரியில் பிஜித் தீவிலிருந்து ருக்மணி அத்தை எங்கள் கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு வந்தார். என் தாத்தாவின் தம்பி வெள்ளைக்காரன் காலத்தில் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி அங்கே போனவர். அவருடைய மகள்தான் இந்த அத்தை; அங்கே பள்ளி ஆசிரியை. தன் அப்பாவின் அக்கா மகள் வள்ளியம்மாள் மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பதாக எங்களிடம் கேட்டறிந்ததும், பார்த்தே ஆக வேண்டும் என்றார். துணைக்கு நான் போனேன். அப்போது கல்லூரி முடித்திருந்தேன்.

காலை ஆறு மணி பஸ்ஸில் மாநில எல்லையான கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி. அங்கிருந்து உடுமலைப்பேட்டை, பிறகு சின்னாறு காட்டுவழி. உடுமலையிலிருந்து மூணாறு எண்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுகள் அதிகம், பஸ் ஊர்ந்துதான் போகும்.

மறையூரில் டீக்கு நிறுத்தினார்கள். சாலையோரக் கரும்பைக் கண்டதும் அத்தை இறங்கி ஓடி ஒரு தோகையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எங்க நாட்டுச் சோறே இதுதானுங்க கண்ணு. அஞ்சு வருசம் அடி வாங்கிக் கரும்பு வெட்டுனாரு எங்கப்பாரு. ஒப்பந்தம் முடிஞ்சதும் அந்த மண்ணோட சனங்ககிட்டக் குத்தகைக்கு நெலம் வாங்கிச் சொந்தமாப் போட்டாரு."

மாலையில் ஜீப் பிடித்து, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனோம். அத்தை யார் என்று நான் சொன்னதும் வள்ளியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"எங்கம்மா சாகுற வரைக்கும் தம்பி வருவான்னு பாத்துக்கிட்டே கெடந்தா. இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?"

அத்தைக்குக் கண் கலங்கியது. "ஊருக்கு வந்தாக் கூலிக்குப் போனவன்னு ஏசுவாங்கன்னு கூசிட்டாருங்க. காசு சேந்தப்பக்கூட வரல. பத்துக் குடும்பத்தோட சேந்து ஓலைக் கொட்டாயில பள்ளிக்கூடம் கட்டுனாரு. அதுல படிச்சுத்தான் நான் டீச்சரானேன். அஞ்சு வருசத்துக்கு முந்தி நாடு விடுதலையாச்சு. கொடியேத்துறப்ப எங்கப்பாரு பாத்து அழுதாருங்க."

வள்ளியம்மாள் வாசற்படி இறங்கி வந்தார். பிறகு, "கூலின்னா என்ன கேவலம்? இந்த மல முச்சூடும் தேயில நட்டது யாரு? மாமா கூசியிருக்க வேண்டாம் மயினி" என்று சொல்லி அத்தையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். "அங்க நெலமெல்லாம் நம்மாளுகளுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லீங்க. நெலம் பெரும்பாலும் அந்த மண்ணோட சனங்களுது. அது நியாயந்தானுங்க. ஆனாக் கரும்பு நாங்க போட்டது. அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது."

"எந்தாய்மாமன் மக!" என்றார் வள்ளியம்மாள், எல்லோருக்கும் கேட்கும்படி. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டில் இந்தக் கப்பல் கதையைத் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். அன்றிலிருந்து நான் உரக்கச் சொல்கிறேன்.

இதே வழியில் போகிறவர்களுக்கு: சின்னாறை வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடுங்கள், யானை நடமாட்டம் உண்டு. ஜனவரிக் குளிருக்குக் கம்பளி கட்டாயம். மறையூரில் வெல்லம் வாங்குங்கள். லயங்களுக்குள் போனால் படம் எடுக்கும் முன் கேளுங்கள். அவை வேடிக்கை இடங்கள் அல்ல, வீடுகள்.

மறுநாள் பஸ் கிளம்பும்போது வள்ளியம்மாள் ஜன்னல் வழியாக ஒரு தேயிலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"ஊருக்குப் போய்ப் போட்டுக் குடிங்க மயினி. எங்க தேயில, ஒங்க சீனி."