ஒரு ஆர்மேனியரின் கல்லறை

போன வெள்ளிக்கிழமை கேகாலை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள இன்டர்நெட் கடையில், என் நான்காவது வேலைக்கான விண்ணப்பத்தை அனுப்பிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அன்றுதான் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் வாசனை பட்டால் எனக்கு அந்தோணி அண்ணன் ஞாபகம் வரும். அவர் ஞாபகம் வந்தால் வேலை ஓடாது. விண்ணப்பத்தை விட்டுவிட்டு, இத்தனை வருஷமாகத் தேடத் துணியாத ஒரு சொல்லைத் தேடினேன். ஆர்மேனியா. ஏதோ ஒரு கோயில் வாசலின் படம் வந்தது. கதவுக்கு மேலே, கல்லில், அதே எழுத்து. ஊர்ச் சரித்திரம் எழுதப்போவதாக இருபது வயதில் சொல்லித் திரிந்தவன் நான். எழுதியே ஆக வேண்டும் என்று பட்டது அந்த நாற்காலியில்தான்.

ஊர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். றக்வானையிலிருந்து பஸ் மூச்சிரைத்து ஏறி வந்து திரும்பிப் போகிற சந்தி. பதினைந்து கடை, சுற்றிலும் தேயிலை, தொழிலாளர் குடியிருக்கும் லயன்கள். சிங்கள முதலாளியின் பலசரக்குக் கடை, மாவனல்லையிலிருந்து வந்த முஸ்லிம் நானாவின் துணிக்கடை, எங்கள் ஆட்களின் சலூன். தேயிலை பெக்டரிக்குக் கீழே, மானாப் புல்லுக்குள், ஒரு கல்லறை. மேலே ஒரு வரி மட்டும் ஆங்கிலம்: ஆர்மேனியர், கோப்பிக்கொட்டை வியாபாரி. அதற்குக் கீழே ஏழு வரி, கொக்கிகளையும் கதவுப்பிடிகளையும் அடுக்கியது போல. சந்தியின் முதல் கடையைக் கட்டியவர் அவர்தானாம். தன் பூட்டன் அவருக்கு வண்டி ஓட்டியதாக முதலாளி சொல்வார். அவர் வீட்டில் சமைத்தது நம்ம பொம்பளைதான் என்று லயத்தில் சாதிப்பார்கள். “எல்லாரும் சொந்தம் கொண்டாடுறாங்க, ஒருத்தரும் புல்லு வெட்டக் காணோம்” என்பார் அந்தோணி அண்ணன்.

அண்ணன் லொறிகளுக்குப் பெயர் எழுதுகிறவர். மூன்று மொழியும் அவர் கையில் அழகு. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியன். படித்த திமிர் வேறு. அந்த ஏழு வரியையும் என் நோட்டுக் கொப்பியில் பிரதி எடுத்துத் தரச் சொன்னேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து, ஒரு கொக்கி பிசகாமல் எழுதினார். எழுதியது அவருக்கே பிடித்துப்போயிற்று. லொறிப் பலகை ஒன்றில் போட்டுப் பார்க்கிறேன் என்று கொப்பியோடு, மறுநாள் பெயின்ட் வாங்க இரத்தினபுரிக்குப் பஸ் ஏறினார்.

சோதனைச்சாவடியில் கொப்பியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். செத்துப்போன ஒருவரின் எழுத்து, என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாது என்று நல்ல சிங்களத்தில் உண்மையைச் சொல்லியிருக்கிறார். கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். யார் நம்புவார்கள்? ஏதோ ரகசிய எழுத்து என்று பிடித்துவைத்துவிட்டார்கள்.

முதலாளியைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். கொப்பி என்னுடையது என்று வாயெடுத்தேன். முதலாளி என் காலை மிதித்தார். கல்லறைக் கதையைப் பொறுப்பதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். காலையில் வந்து கல்லைப் பார்க்கிறேன், எழுத்து ஒத்துப்போனால் விட்டுவிடுகிறேன் என்றார். ஜெயித்தவன் மாதிரி திரும்பினேன். வழியில்தான் அண்ணனின் லயம். கூரையில் அடுப்புப் புகை. எழுத்தால் மாட்டினார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்த அவர் மனைவி மேரியக்காவிடம் ஜீப் வருவதைச் சொன்னால் அழுவார், விளக்கிச் சொல்ல நேரமாகும், நாளைக்கு ஆளையே கொண்டுவந்து நிறுத்தலாம் என்று நேரே நடந்துவிட்டேன்.

காலையில் ஜீப் வந்தது. கல்லறையைச் சுற்றிப் புல் வெட்டியிருந்தது. கல்லின் முகம் முழுக்கப் புதிதாகக் கொத்தி, வெள்ளையாக இருந்தது. மேரியக்கா உளியும் கையுமாக நின்றார், தலையெல்லாம் கல்தூள்.

“எழுத்து இருந்தாத்தானே கேஸு, தம்பி? எல்லாத்தையும் எடுத்துட்டேன். இனிமே ஒண்ணுமில்லன்னு பொலிஸ் மாத்தயாகிட்ட சொல்லுங்க.”

அதிகாரி கொப்பியை மூடினார். சின்ன வயதிலிருந்து அந்த எழுத்தைப் பார்க்கிறேன் என்று முதலாளி சத்தியம் செய்தார். இதே எழுத்தா என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. அண்ணனைத் தவிர யாரும் அதை உற்றுப் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் மூன்று மாதம். வந்தவரின் வலது கை விரல்கள் மடங்கவில்லை. என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. மேரியக்காதான், “அவர உள்ள தள்ளுனது நாந்தான்” என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டும் கேளாதவனாக இருந்தேன். பிறகு ஊரை விட்டே வந்துவிட்டேன்.

இந்த வருஷம் யுத்தம் முடிந்துவிட்டது. நானாவின் கடை இல்லை, முதலாளி இல்லை, போன மாரியில் அண்ணனும் போய்விட்டார். கல்லைத் தண்ணீர்ப் பீலிக்கரையில் போட்டுத் துணி துவைக்கிறார்களாம்; வழுவழுப்பாகிவிட்டதாம்.

சரித்திரம் பிறகு. ஞாயிற்றுக்கிழமை றக்வானை பஸ்ஸில் ஏறப்போகிறேன். ஜீப் வருமென்று முதல் நாளே எனக்குத் தெரியும் என்று மேரியக்காவிடம் சொல்ல வேண்டும். கதவைச் சாத்தினால், வெளியே நின்று சொல்ல வேண்டும்.